குழாயும் சாக்கடையும் ஒரே வாரியத்தின் கையில்: சென்னைக் குடிநீரின் சுற்றுச்சூழல் கணக்கு

2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றித் தரை வெடித்துக் கிடந்த ஆண்டு அது. அந்த ரயிலின் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அதில் வந்த தண்ணீர் 25 லட்சம் லிட்டர்.

அதே 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் இரண்டு ஆலைகள் திறக்கப்பட்டன. சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் அகற்று வாரியம், அதாவது நாம் மெட்ரோ வாட்டர் என்று சொல்லும் வாரியம், சாக்கடை நீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்பதற்காகக் கட்டியவை இவை. ஒவ்வொன்றின் திறனும் நாளொன்றுக்கு நான்கரைக் கோடி லிட்டர். வகுத்துப் பார்த்தால், ஓர் ஆலை முழுத்திறனில் ஓடினால் தினம் 18 ஜோலார்பேட்டை ரயில்கள் வந்த கணக்கு. இந்தச் செய்திக்குப் பெரிய படம் எதுவும் வரவில்லை.

நீர் வாரியங்களின் பசுமைப் பணி என்றாலே மரக்கன்று நடுவிழா, கூரையில் சூரிய மின்தகடு, பள்ளிக்கூடத்தில் ஓவியப் போட்டி என்று ஒரு பட்டியல் வந்துவிடும். அவை இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு குடிநீர் வாரியம் சுற்றுச்சூழலுக்குப் பொறுப்பாக நடக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு: அது தண்ணீரை எங்கிருந்து எடுக்கிறது, பயன்படுத்திய தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடுகிறது. சென்னையில் இந்த இரண்டும் 1978 முதல் ஒரே சட்டத்தின் கீழ் ஒரே வாரியத்திடம் இருக்கின்றன. இந்த நகரத்துக்கு வாய்த்த பெரிய வசதி என்று நான் நினைப்பது இதைத்தான். வெளியே விடும் நீரைத் திருப்பி எடுத்தால் உள்ளே எடுக்க வேண்டிய நீர் குறையும் என்ற கணக்கை ஒரே அலுவலகத்தில் போட முடிகிறது.

முதலில் எடுக்கும் பக்கத்தைப் பார்ப்போம். 1772இல் ஏழு கிணறு. அங்கிருந்து கோட்டைக்குத் தண்ணீர் போனது. அடுத்த நூற்றாண்டில் செங்குன்றம் ஏரி நீர் கால்வாய் வழியே கீழ்ப்பாக்கம் வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம். 1944இல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி அணை. ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையை விட இன்னும் கொஞ்சம் தொலைவுக்குப் போயிருக்கிறது. 1983இல் ஆந்திரத்துடன் போட்ட ஒப்பந்தப்படி கிருஷ்ணா நீர் கண்டலேறிலிருந்து வர வேண்டும். 1996இல்தான் முதல் நீர் எல்லைக்குள் நுழைந்தது. சேதாரம் போக ஆண்டுக்கு 12 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) என்பது ஏட்டில் உள்ள அளவு. கைக்கு வந்தது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. 2004இல் புதிய வீராணம் திட்டம்: கடலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்து நீர் தேங்கும் ஏரியிலிருந்து 235 கிலோமீட்டர் குழாயில் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். அந்த ஏரியை நம்பி உழுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது சென்னைக் குழாயைத் திறக்கும்போது நினைவுக்கு வருவதில்லை.

இந்த வரிசையில் அதிகம் பேசப்படாதது மீஞ்சூர். 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலை ஆற்றுப் படுகைகளில் நிலத்தடி நீர் ஆய்வு நடந்தது. அதன் அடிப்படையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் கிணற்றுத் தொகுதிகள் போடப்பட்டு நகரத்துக்கும் ஆலைகளுக்கும் நீர் எடுக்கப்பட்டது. விவசாயக் கிணறுகளும் கூடவே இறைத்தன. நன்னீர் மட்டம் இறங்க இறங்க, அந்த இடத்தைக் கடல்நீர் நிலத்தடியில் நிரப்பிக்கொண்டு வந்தது. இருபது முப்பது ஆண்டுகளில் உப்பு கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே ஏறிவிட்டது. தென்னையும் நெல்லும் இருந்த ஊர்களில் கிணற்று நீர் வாயில் வைக்க முடியாமல் போனது. பின்னால், 2010இல், சென்னையின் முதல் பெரிய கடல்நீர்க் குடிநீராக்கும் ஆலை அந்த மீஞ்சூருக்குப் பக்கத்துக் காட்டுப்பள்ளியில்தான் திறக்கப்பட்டது. அழைக்காமலே வந்த கடலை இப்போது காசு கொடுத்து அழைக்கிறோம்.

அந்தப் பாடத்தின் பலனாக வந்தது 1987ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம். கிணறு தோண்டவும், நீரை வணிகத்துக்கு எடுக்கவும், லாரியில் கொண்டுபோகவும் அனுமதி வேண்டும் என்றது சட்டம். சட்டம் இருக்கிறது, லாரியும் ஓடுகிறது.

இனி வெளியே விடும் பக்கம். இங்கேதான் சரக்கு அதிகம்.

வீடுகளுக்குப் போகும் நீரில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பது இந்தியப் பொறியாளர்கள் கைக்கொள்ளும் பொதுவான கணக்கு. வாரியம் இப்போது நாளொன்றுக்குச் சுமார் 100 கோடி லிட்டர் வழங்குகிறது. அப்படியானால் 80 கோடி லிட்டர் சாக்கடைக்கு வர வேண்டும். வீட்டு போர்வெல் தண்ணீரும் லாரித் தண்ணீரும் அதற்கு மேல். கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் உள்ளவற்றையும் சேர்த்து வாரியத்தின் சுத்திகரிப்பு நிலையங்களின் மொத்தத் திறன் 75 கோடி லிட்டருக்குச் சற்றே குறைவு. கூவமும் அடையாறும் பக்கிங்காம் கால்வாயும் ஏன் இன்னும் கருப்பாக ஓடுகின்றன என்பதன் முதல் பாதி இந்தக் கழித்தலிலேயே இருக்கிறது.

நிலையத்துக்குள் நடப்பது பெரும்பாலும் நுண்ணுயிர்களின் வேலை. கம்பி வலையில் துணியும் பிளாஸ்டிக்கும் சிக்கும். தொட்டியில் மணல் அடியில் தங்கும். கனமான கசடு படியும். மிஞ்சிய நீருக்குள் காற்றை ஊதுவார்கள். காற்று கிடைத்த நுண்ணுயிர்கள் கரைந்திருக்கும் அழுக்கைத் தின்று பெருகி, பிறகு அவையும் கசடாக அடியில் சேரும். இந்தக் காற்றூதும் கருவிகள்தான் மின்சாரத்தை விழுங்குபவை. இத்தகைய நிலையங்களில் மின் செலவில் ஏறத்தாழ பாதி இதற்கே போய்விடும். ஊதுவதை நிறுத்தினால் மின்கட்டணம் குறையும், ஆறு நாறும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியாது என்பதுதான் ஆபத்து.

மறுபுறம், தேங்கிய கசட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கலாம். கசட்டைக் காற்றுப் புகாத பெரிய கலனில் மூடி வைத்தால் வேறுவகை நுண்ணுயிர்கள் அதைச் செரித்து வாயு விடும். அதில் பெரும்பகுதி மீத்தேன். திறந்தவெளியில் விட்டால் மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். பிடித்து எரித்தால் எரிபொருள். 2000களின் நடுவில் சென்னை மாநகர நதிகள் பாதுகாப்புத் திட்டத்தில் கட்டப்பட்ட நான்கு நிலையங்களிலும், அதாவது கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடியில், இந்த வாயுவில் ஓடும் மின்னாக்கி எஞ்சின்கள் வைக்கப்பட்டன. நிலையத்துக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதி நிலையத்துக்குள்ளேயே கிடைத்தது. இந்தியாவில் அப்போது இது அரிய முயற்சி. நடுவிழா மரக்கன்றைவிட இந்த எஞ்சின்களுக்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன். ஆனால் எஞ்சின் ஓட வேண்டுமானால் கசடு கெட்டியாக வர வேண்டும், வாயுவிலுள்ள கந்தகத்தை நீக்க வேண்டும், உதிரிபாகம் கையிருப்பில் இருக்க வேண்டும். அலுப்புத் தட்டும் இந்த வேலைகளில்தான் பொறுப்பு என்பது இருக்கிறது.

இவ்வளவு செய்து முடித்த நீரும் குடிக்கத் தக்கது ஆகாது. பல காலம் அது அப்படியே கூவத்திலும் அடையாற்றிலும் கால்வாயிலும் விடப்பட்டது. பெருங்குடியில் விட்டது பள்ளிக்கரணைக்குப் போனது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பிடித்த சதுப்பு நிலம் அது. வீணாகப் போகும் இந்த நீருக்கு ஒரு விலை உண்டு என்று முதலில் கண்டுகொண்டவர்கள் வாரியத்துக்கு வெளியே இருந்தார்கள். 1990களிலேயே மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், கொடுங்கையூர் நீரை வாங்கித் தங்கள் வளாகத்தில் மேலும் சுத்தம் செய்து குளிர்விப்புக்கும் கொதிகலனுக்கும் பயன்படுத்தத் தொடங்கின. பற்றாக்குறைக் காலத்தில் குடிநீர் வராது, ஆலையை நிறுத்தவும் முடியாது. ஆனால் சாக்கடை எந்தப் பஞ்சத்திலும் வந்துகொண்டே இருக்கும். சுற்றுச்சூழல் கவலையைவிட இந்தக் கணக்குதான் அவர்களை அந்த வழிக்குக் கொண்டுவந்தது. அதில் தவறும் இல்லை.

2019இல் வாரியம் அந்த வேலையைத் தானே எடுத்துச் செய்தது. நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பு முடிந்த நீரை மணல் வடிகட்டியில் விட்டு, பிறகு நுண்சவ்வு வழியாகச் செலுத்தி, அதன் பின் ஆர்.ஓ. சவ்வின் வழியே தள்ளுகிறார்கள். கொடுங்கையூர் நீர் மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. கோயம்பேட்டு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட் வளாகங்களுக்குக் குழாயில் போகிறது. கார் ஆலைக்கு இந்த நீர் போனால், அந்த அளவு ஏரி நீர் வீடுகளுக்கு மிச்சம். குடும்பத்தாரை யாரும் சாக்கடை நீரைக் குடிக்கச் சொல்லவில்லை. ஆலை குடிக்கிறது, நமக்கு ஏரி மிஞ்சுகிறது. அரசியலாகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு இது.

சிங்கப்பூர் இதே பாதையில் முன்னே போனது. அங்கே 2001இல் கழிவுநீரும் வடிகாலும் குடிநீர் வாரியத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. 2003இல் ‘நியூவாட்டர்’ வந்தது. அதில் பெரும்பகுதி ஆலைகளுக்கே போகிறது, ஒரு சிறுபகுதி நீர்த்தேக்கங்களில் கலக்கிறது. சென்னைக்கும் அவர்களுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு வடிகால். அதைப் பிறகு பார்ப்போம்.

அதற்கு முன், கடல். காட்டுப்பள்ளியில் 10 கோடி லிட்டர் (2010), நெம்மேலியில் 10 கோடி (2013), அதன் அருகிலேயே 15 கோடி (2024). ஜப்பானிய நிதியுதவியோடு பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மழை பொய்த்தாலும் கடல் பொய்க்காது என்ற வாதத்தை 2019ஐப் பார்த்தவர்கள் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அதன் விலையை மின்கட்டணத்தில் பார்க்க வேண்டும். கடல்நீரை ஆர்.ஓ. முறையில் 1,000 லிட்டர் நன்னீராக்க இன்றைய தொழில்நுட்பத்தில் 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். இருக்கும் மூன்று ஆலைகளும் முழுத்திறனில் ஓடினால் நாளொன்றுக்கு 10 லட்சம் யூனிட்டுக்குக் குறையாது. அந்த மின்சாரத்தில் கணிசமான பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து கிடப்பதைப் போய்ப் பார்க்கலாம். பூண்டியில் நாம் அணைகட்டித் தேக்கும் அதே கொசஸ்தலை ஆறுதான் அங்கே கடலில் சேர்கிறது.

இப்போது இரண்டு நீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. சுத்திகரித்த கழிவுநீரில் ஓரிரு கிராம்தான். உப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு அழுத்தம் கொடுத்துச் சவ்வின் வழியே தள்ள வேண்டும், அவ்வளவு மின்சாரம் செலவாகும். கடல்நீரில் பாதிக்கும் குறைவாகவே நன்னீராகத் தேறும். மீதி இருமடங்கு உப்போடு கடலுக்குத் திரும்பும். கழிவுநீரில் ஏறத்தாழ முக்கால் பங்கு தேறும். நெம்மேலிப் பக்கத்து மீனவர்கள், ஆலை வந்த பிறகு கரை அரிப்பும் மீன்பாட்டில் மாற்றமும் ஏற்பட்டதாகச் சொல்லிப் போராடியிருக்கிறார்கள். இந்தக் கணக்கைப் பார்க்கிறவர் யாரும், கூவத்தில் விடும் நீரை முழுக்கத் திருப்பி எடுத்த பிறகுதானே கடலுக்குப் போக வேண்டும் என்று கேட்பார். என் கேள்வியும் அதுவே. கடலாலை ஒரே இடத்தில் கட்டி முடிக்கக் கூடிய வேலை. கழிவுநீரைத் திருப்பி எடுக்க முதலில் அது நிலையம் வரை வந்து சேர வேண்டும், அதற்குத் தெருத்தெருவாகத் தோண்ட வேண்டும். ஆட்சியாளருக்கு எது எளிது என்று சொல்ல வேண்டியதில்லை.

வந்து சேராத நீர் எங்கே போகிறது? 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. சேர்ந்த ஊர்களில் பலவற்றுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் முழுமையாக எட்டவில்லை. செப்டிக் டேங்க், அது நிறைந்தால் கழிவுநீர் லாரி. லாரி நிலையத்துக்குப் போய்க் கொட்டினால் நல்லது; இருட்டில் ஏரிக்கரையோரம் திறந்துவிட்டால் வாரியத்தின் எந்த அறிக்கையிலும் அது ஏறாது. செப்டிக் டேங்கும் இல்லாத இடத்தில் மழைநீர் வடிகாலில் ஒரு குழாயைச் சொருகிவிடுவார்கள்.

இங்கேதான் அந்த வடிகால் விவகாரம். சாக்கடை வாரியத்துடையது, மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, ஆறும் ஏரியும் நீர்வளத் துறையுடையது, மாசுபட்டதா என்று பார்ப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கோடையில் மழைநீர் வடிகாலில் சாக்கடை ஓடுகிறது. ஐப்பசி கார்த்திகையில் மழைநீர் சாக்கடைக்குள் புகுந்து மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு தெருவில் பொங்குகிறது. கூவத்தில் ஒரு குழாய் வாயிலிருந்து கருப்பு நீர் கொட்டினால் அது யாருடையது என்று தீர்மானிக்கவே கடிதப் போக்குவரத்து வேண்டும். ஆற்றோர வாய்களை மறித்து அந்த நீரை நிலையத்துக்குத் திருப்பும் பணிகள் நடக்கின்றன, சில இடங்களில் பலனும் தெரிகிறது. ஆனால் தெருக்கோடியில் சாக்கடை இணைப்பு வராதவரை ஒரு வாயை அடைத்தால் இன்னொரு வாய் திறக்கும்.

அந்தச் சாக்கடைக்குள் இறங்கிய மனிதர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நியாயமில்லை. சுற்றுச்சூழல் அறிக்கைகளில் நீரின் தரம், மின் சேமிப்பு எல்லாம் வரும். விஷவாயு தாக்கிச் செத்தவர்கள் வேறு துறையின் விஷயம்போல ஒதுங்கிவிடுவார்கள். கசட்டிலிருந்து மீத்தேனைத் தரும் அதே அழுகல்தான் குழாய்க்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் தருகிறது. மனிதர் இறங்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2014இல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023இல் அந்தத் தொகையை 30 லட்சமாக்கியது. இத்தகைய சாவுகள் நாட்டில் அதிகம் பதிவான மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. வாரியம் அடைப்பு நீக்க ஜெட் பீச்சும் வண்டிகளையும் கசடு உறிஞ்சும் இயந்திரங்களையும் வாங்கிக் குவித்திருக்கிறது. வாரிய வேலைகளில் மனிதர் இறங்குவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. இன்று சாவு நிகழும் இடம் பெரும்பாலும் வீட்டு, ஹோட்டல் செப்டிக் டேங்க். ஆளை அழைத்து வந்தவர் ஒப்பந்தக்காரர் அல்லது வீட்டுக்காரர். வாரியத்தின் குழாய் எட்டாத தெருவில் வாரியத்தின் இயந்திரமும் எட்டுவதில்லை.

மழையைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. 426 சதுர கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 21 டி.எம்.சி. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை ஐந்தும் நிரம்பினால் 11.757 டி.எம்.சி. அவ்வளவையும் பிடிக்க முடியாது, வெள்ளமாகவும் ஆவியாகவும் போவது போகத்தான் செய்யும். 2003இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று ஜெயலலிதா அரசு உத்தரவிட்டபோது, கட்டமைப்பு இல்லாத வீட்டுக்குக் குடிநீர் இணைப்பே துண்டிக்கப்படும் என்ற பயம் இருந்தது. அடுத்து வந்த 2005 பெருமழையில் கிணறுகளில் நீர் ஏறி, உவர்ப்புக் குறைந்ததைக் கண்டவர்கள் ஏராளம். பிறகு குழிகளில் சருகும் சேறும் அடைந்தன. கட்டியதைச் சரிபார்த்த வாரியம், தூர்வாரினார்களா என்று அதே கண்டிப்போடு சரிபார்க்கவில்லை.

கடைசியாக மீட்டர். சென்னையில் பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது. வீட்டின் ஆண்டு மதிப்பை வைத்து வரி, அதோடு மாதத்துக்கு ஒரே கட்டணம். சம்ப் நிரம்பி வழிய விட்டவரும் ஐந்து குடத்தில் நாளை ஓட்டியவரும் ஒரே தொகை கட்டுகிறார்கள். தெருவடியில் கசிவது எவ்வளவு, வீட்டுக்குள் போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவும் வாரியத்திடம் கருவி இல்லை. வணிகக் கட்டடங்களில் மீட்டர் வந்திருக்கிறது. வீடுகளுக்கு என்றால், தேர்தலை நினைத்துப் பேச்சு நின்றுவிடும். லாரிக்காரரிடம் லிட்டர் கணக்கில் காசு எண்ணிக் கொடுக்கும் அடுக்குமாடி வீட்டார்கூட வாரியத்தின் மீட்டரைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். அதற்குள் பேரூர் வந்துவிடும். நிலக்கரி எரித்து உப்புப் பிரித்த 40 கோடி லிட்டரும் தினந்தோறும் இந்த மீட்டர் இல்லாத குழாய்களுக்குள்தான் பாயப்போகிறது.